பவுண்டுக் கணக்கில் ஜேன் அயர்

1847இல் வந்த 'ஜேன் அயர்' நாவலைக் காதல் கதையாகவே வாசிப்பவர்கள் தொகைகளைக் கவனிக்காமல் தாண்டிவிடுகிறார்கள். அடுத்த முறை பென்சிலோடு உட்கார்ந்து, பவுண்டு என்று வரும் இடங்களை மட்டும் கோடிடுங்கள். எழுதிய சார்லட் பிராண்ட்டி தாமே கவர்னஸாக, அதாவது வசதியான வீட்டில் தங்கிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்பவராக, இருந்தவர்; ஒரு தொகையையும் சும்மா போடவில்லை.

கதாநாயகி ஜேனுக்கு லோவுட் பள்ளியில் ஆசிரியையாக ஆண்டுக்கு 15 பவுண்டு, தார்ன்ஃபீல்டு மாளிகையில் கவர்னஸாக 30. சம்பளம் இரட்டிப்பானாலும் இடம் இரண்டுங்கெட்டான்தான். பாதிரியார் மகள், படித்தவள் என்பதால் வேலைக்காரர்களோடு ஒட்ட முடியாது. கூலி வாங்குவதால் விருந்தினர் வரிசையிலும் சேர முடியாது. வீட்டை நிர்வகிக்கும் மிஸஸ் ஃபேர்ஃபாக்ஸ் நிலையும் ஏறக்குறைய இதுதான். எஜமானர் ராச்செஸ்டருக்குத் தூரத்து உறவு, ஆனால் அதைக் காட்டிக்கொள்வதே இல்லை. வேலைக்காரர்களிடம் சமமாகப் பழகினால் தன் பேச்சு எடுபடாது என்று தள்ளியே இருப்பவர். ராச்செஸ்டர் போன்றவர்கள் கவர்னஸை மணப்பது வழக்கமில்லை என்று அவர் ஜேனை எச்சரிப்பதைப் பொறாமையாக எடுத்துக்கொள்வது தவறான வாசிப்பு. எல்லைக்கோட்டில் நின்றே காலம் தள்ளியவருக்கு அது எங்கே இருக்கிறதென்று தெரியும்.

ராச்செஸ்டரும் இந்தக் கணக்குக்குள் மாட்டியவர்தான். சொத்து பிரியக் கூடாதென்று தந்தை எல்லாவற்றையும் மூத்த மகனுக்கு வைத்தார். இளையவரை 30,000 பவுண்டுக்காக ஜமைக்காவில் பெர்த்தா மேசனுக்குக் கட்டிவைத்தார். பின்னாளில், அவரை மணப்பாள் என்று ஊர் நினைத்த சீமாட்டி பிளான்ச் இங்கிரமைச் சோதிக்க, தன் சொத்து ஊர் நினைப்பதில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை என்று அவரே வதந்தி கிளப்புகிறார். தாயும் மகளும் உடனே முகம் திருப்பிக்கொள்கிறார்கள்.

நாவலின் முடிச்சு இருப்பதோ ஒரு துணிக்கடைப் பயணத்தில். ஜேனோடு கல்யாணம் நிச்சயமானதும் ராச்செஸ்டர் அவளுக்குப் பட்டாக வாங்கிக் குவிக்கப் பார்க்கிறார். அவளுக்குக் கூசுகிறது. ராச்செஸ்டர் பொறுப்பில் வளரும் சிறுமி அடேலுக்குப் பாடம் சொல்லி அதே 30 பவுண்டைத் தொடர்ந்து வாங்கிக்கொள்வேன் என்கிறாள். தனக்கென்று கொஞ்சம் பணமிருந்தால் தேவலை என்று மடீரா தீவிலிருக்கும் சித்தப்பாவுக்குக் கடிதமும் போடுகிறாள். அந்தக் கடிதத்தால்தான் திருமணச் செய்தி பெர்த்தாவின் சகோதரர் காதுக்கு எட்டி, அவள் இன்னும் உயிரோடிருப்பது வெளிப்பட்டு, கல்யாணம் நிற்கிறது; ஜேன் ராச்செஸ்டரை விட்டுப் போகிறாள். இதைக் கவனிக்காதவர்களுக்கு அந்தத் தேவாலயக் காட்சி வெறும் தற்செயலாகத் தெரியும்.

சித்தப்பா விட்டுச்சென்ற 20,000 பவுண்டை ஜேன் தன் அத்தை பிள்ளைகள் மூவருக்கும் சேர்த்து நான்காகப் பிரிக்கிறாள். அவள் பங்கு 5,000. அன்றைய 3 சதவீத அரசுப் பத்திரத்தில் போட்டால் ஆண்டுக்குச் சுமார் 150 பவுண்டு, கவர்னஸ் சம்பளத்தைப் போல ஐந்து மடங்கு. பின்னர் ராச்செஸ்டர் தீ விபத்தில் பார்வையிழந்ததால்தான் இருவரும் சமமானார்கள் என்று சொல்லப்படுவதுண்டு. அது பாதிதான். திரும்பி வந்து, உங்களோடு இருக்க விடாவிட்டால் பக்கத்திலேயே சொந்த வீடு கட்டிக்கொள்வேன் என்று ஜேன் சொல்கிறாளே, 30 பவுண்டுக்காரி அப்படிப் பேசியிருக்க முடியாது.