யாரும் பதில் கேட்காத இடம்

2016 நவம்பரில் பாரிஸுக்கு வந்தேன். மாலை ஐந்து மணிக்கே இருட்டிவிடும் மாதம். மென்பொருள் வேலை, அலுவலகத்தில் ஆங்கிலம் போதும் என்று சொல்லித்தான் அழைத்திருந்தார்கள். கூட்டங்களுக்குப் போதுமாகத்தான் இருந்தது. காபி மெஷின் பக்கத்தில் நின்று எல்லோரும் சிரிக்கும்போதும், மருந்துக்கடையில் இருமலுக்கு மருந்து கேட்கும்போதும், வீட்டுக்காரம்மா கதவைத் தட்டி எதையோ நீளமாக விளக்கும்போதும் போதவில்லை. ஒரு நாளில் எத்தனை பேர் நம் முகத்தைப் பார்த்தபடி பதிலுக்குக் காத்திருக்கிறார்கள் என்பது மொழி தெரியாத ஊரில்தான் உறைக்கிறது.

அப்படியொரு சனிக்கிழமை ரூ தேஸெக்கோல் தெருவில் நடந்துகொண்டிருந்தபோது ஷாம்போ தியேட்டர் கண்ணில் பட்டது. 1938இல் திறந்த சின்னத் தியேட்டர். பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோ போன்றவர்கள் இளம் வயதில் பழியாகக் கிடந்து படம் பார்த்த இடம் என்று ஊரிலேயே படித்திருக்கிறேன். படத்தின் பெயரைச் சொன்னேன், டிக்கெட் கொடுத்தார்கள். உள்ளே போய் உட்கார்ந்ததும் விளக்கை அணைத்தார்கள். அங்கே யாரும் என்னிடம் எதுவும் கேட்கப்போவதில்லை. எல்லோருமே பேசாமல் உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த ஊரில் பேசாமல் இருப்பது குறையாகத் தெரியாத ஒரே இடம் அதுதான் என்று அன்றைக்குப் பட்டது.

ஓடியது சாப்ளினின் 'சிட்டி லைட்ஸ்'. பேசும் படங்கள் வந்து உலகமே அதன் பின்னால் போய்விட்ட பிறகும், 1931இல், சாப்ளின் பிடிவாதமாகப் பேசாமல் எடுத்த படம். அதுவரை அதை நான் நான்கைந்து முறை பார்த்திருப்பேன். ஆனால் தொடக்கக் காட்சியின் அருமை அன்றைக்குத்தான் தெரிந்தது. சிலைத் திறப்பு விழாவில் பெரிய மனிதர்கள் ஒவ்வொருவராக எழுந்து பேசுகிறார்கள். அவர்கள் வாயிலிருந்து சொற்கள் வருவதில்லை, பீப்பீ என்று ஊதல் சத்தம் மட்டும் வருகிறது. அந்த வாரம் முழுக்க எல்லோருடைய பேச்சும் எனக்கு அப்படித்தான் கேட்டிருந்தது. அரங்கமே சிரித்தது, நானும் சிரித்தேன். இந்த ஊர்க்காரர்கள் சிரித்த அதே நொடியில் நானும் சிரித்தது அதுதான் முதல் முறை. வீட்டுக்கு நடந்து வரும்போது திரும்பத் திரும்ப அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

கடைசிக் காட்சியை எல்லோருக்கும் தெரியும். கண் தெரியாத பூக்காரிக்குப் பார்வை வந்துவிட்டது. அதற்குக் காரணமானவன் யாரென்று அவளுக்குத் தெரியாது. கந்தலோடு நிற்கும் ஒருவனுக்குக் காசு கொடுக்கிறாள். காசை வைக்க அவன் கையைப் பிடித்ததும் அந்தத் தொடுகையில் அடையாளம் கண்டுகொள்கிறாள். திரையில் வரும் எழுத்தெல்லாம் சேர்த்தால் ஒரு கை விரல்களுக்குள் அடங்கும் வாக்கியங்கள். 'நீங்களா?' என்பதும் 'இப்போது பார்க்க முடிகிறதா?' என்பதும் போதும். லண்டனில் பிறந்து அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போனவர் சாப்ளின். பாஷை இல்லாமல் ஒருவன் நல்லவன் என்பதை இன்னொருவருக்குத் தெரியவைப்பது எப்படி என்பதை அவரைவிட ஆழமாக யோசித்தவர்கள் குறைவு. என்னைக் கேட்டால் உலக சினிமாவின் ஆகச் சிறந்த கடைசிக் காட்சி அதுதான். இதில் எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை.

அதன்பிறகு வாரத்துக்கு இரண்டு படம் என்றாகிவிட்டது. இங்கே புதுப்படங்கள் புதன்கிழமை வெளியாகும். வெளிநாட்டுப் படமென்றால் சுவரொட்டியில் வே.ஓ. அல்லது வே.எஃப். என்று போட்டிருப்பார்கள். முதலாவது மூல மொழியில், கீழே பிரெஞ்சு எழுத்தோடு. இரண்டாவது பிரெஞ்சில் டப் செய்தது. நான் தெரியாமல் வே.எஃப். போய் மாட்டிக்கொண்டது ஒரே ஒரு முறை. அப்புறம் பாரிஸின் பெர்சி பகுதியில் இருக்கும் சினமாதெக் என்ற திரைப்படக் காப்பகம் பழக்கமாயிற்று. 1936இல் ஜார்ஜ் ஃப்ரான்ஜுவோடு சேர்ந்து அதைத் தொடங்கிய ஆன்ரி லாங்லுவா துருக்கியின் ஸ்மிர்னாவில் பிறந்தவர், சிறுவனாக பிரான்சுக்கு வந்து சேர்ந்தவர். ஜெர்மானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் படச்சுருள்களை ஒளித்து ஒளித்துக் காப்பாற்றிய மனிதர். அவர் சேர்த்துவைத்த பெட்டிகளுக்கு நான் பட்டிருக்கும் கடன் பெரிது.

த்ரூஃபோவின் '400 ப்ளோஸ்' படத்தையும் பாரிஸில் இருந்துகொண்டு பார்க்கும்போதுதான் முழுசாகப் புரிந்தது. பெயர்கள் ஓடும்போது நகரும் காரிலிருந்து ஐஃபல் கோபுரம் தெரியும். கட்டடங்களுக்குப் பின்னால் மறையும், மறுபடி தலைகாட்டும். வந்த புதிதில் நானும் கோபுரத்தை அப்படித்தான் பார்த்தேன். ஆந்துவான் என்ற சிறுவன் வீட்டுக்குப் போகாமல் ராத்திரி முழுக்கத் தெருவில் அலைகிறான், விடிகாலையில் பால் பாட்டிலைத் திருடிக் குடிக்கிறான். இன்னொரு நாள் போலீஸ் வண்டியின் கம்பிகள் வழியாக நகரத்து விளக்குகளைப் பார்த்து அழுகிறான். அது அவன் பிறந்த ஊர். அவன் பேசுவது அந்த ஊர் பாஷை. அப்படியும் அவனுக்கு அங்கே போக்கிடம் இல்லை. எனக்கு மட்டும்தான் இந்த ஊர் கதவைச் சாத்தியிருக்கிறது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தது அந்தக் காட்சியோடு போயிற்று. 1959இல் வந்த படம் அது. கடைசியில் கடற்கரையில் திரும்பி நம்மைப் பார்க்கிறானே, அந்தப் பார்வையை இன்றைக்கும் மெட்ரோவில் சில பையன்களிடம் பார்க்கிறேன்.

'பதேர் பாஞ்சாலி'யைப் பற்றி எவ்வளவு எழுதினாலும் எனக்குத் திருப்தி வராது. சத்யஜித் ராய்க்கும் பிரான்சுக்கும் உள்ள தொடர்பு பழையது. பிரெஞ்சு இயக்குநர் ழான் ரென்வார் 'தி ரிவர்' எடுக்க வங்காளத்துக்கு வந்தபோது இடம் தேட உடன் சுற்றியவர் ராய். அந்தப் படப்பிடிப்பைப் பக்கத்தில் நின்று கவனித்த சுப்ரதோ மித்ராதான் பிறகு ராய்க்கு ஒளிப்பதிவு செய்தார். அதற்கு முன் அவர் ஒரு படத்துக்குக்கூட ஒளிப்பதிவு செய்ததில்லை. 1955இல் வெளிவந்த படம், மறு ஆண்டு கான் விழாவில் சிறந்த மனித ஆவணம் என்ற விருதைப் பெற்றது.

அதை சினமாதெக்கில் பார்த்தபோது எனக்கு வங்காளமும் தெரியாது, கீழே ஓடிய பிரெஞ்சும் பாதிக்கு மேல் தெரியாது. ஊரில் ஆங்கில எழுத்தோடு பார்த்த நினைவை வைத்துச் சமாளித்தேன். வெளியூர் போன அப்பா ஹரிஹர் திரும்பி வருகிறார். துர்கா இறந்தது அவருக்குத் தெரியாது. வாங்கி வந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டுகிறார், மகளுக்கு வாங்கிய புடவையையும் எடுக்கிறார். அம்மா சர்போஜயா வாயைத் திறந்து கதறுகிறாள், குரல் கேட்பதில்லை. அந்த இடத்தில் ரவிசங்கரின் இசையில் தார் ஷெனாய் என்ற வாத்தியம் மட்டும் அலறுகிறது. பக்கத்து இருக்கையில் இருந்த ஒரு பிரெஞ்சுப் பாட்டி கைக்குட்டையை எடுத்தார். விளக்கு போட்டதும் என் பக்கம் திரும்பி, அது உங்கள் மொழியா என்று கேட்டார். இல்லை, எனக்கும் புரியாது என்று எனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொன்னேன். அவர் என் கையை ஒரு முறை தட்டிவிட்டு எழுந்து போனார். முன்பின் தெரியாத ஒருவரோடு பிரெஞ்சில் தடுமாறாமல் பேசி முடித்தது அன்றைக்குத்தான்.

இரண்டாம் வருடம் வீடு மாறினேன். மேல் மாடியில் ஈழத்து அண்ணன் ஒருவர், தொண்ணூறுகளில் வந்தவர், உணவகத்தில் வேலை. என் அலமாரியில் இருந்த டிவிடிகளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "தம்பி, 'வீடு' இல்லையோ? பாலு மகேந்திரா எங்கட மட்டக்களப்பு ஆள்" என்றார். நான் ஊரில் விட்டுவிட்டு வந்திருந்தேன். அவரிடம் இருந்தது. வாடகை வீட்டைக் காலி செய்யவேண்டிய ஒரு சாதாரணப் பெண் சொந்தமாக வீடு கட்டப் படும் பாடுதான் 1988இல் வந்த அந்தப் படம். அர்ச்சனாவுக்குத் தேசிய விருது வாங்கிக் கொடுத்தது. இளையராஜா தன்னுடைய 'ஹவ் டு நேம் இட்' தொகுப்பின் இசையையே அதற்குக் கொடுத்திருப்பார். பாதி எழும்பி நிற்கும் வீட்டைப் பார்க்கத் தாத்தா தனியாக வருவார், சொக்கலிங்க பாகவதர். பூசாத சுவர்களைத் தடவியபடி அறை அறையாக நடப்பார். வசனமே கிடையாது.

அந்தக் காட்சி முடிந்ததும் அண்ணன் ரிமோட்டை எடுத்து நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல என்னால பாக்க ஏலாது தம்பி. எப்பவும் இதோட நிப்பாட்டிப்போடுவன்." அவர் தன் அப்பாவோடு சேர்ந்து கட்டிய வீட்டில் எட்டு மாதம்தான் இருந்தாராம். அதற்கு மேல் அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஊரில் இருக்கும்போது 'வீடு' எனக்கு நடுத்தர வர்க்கத்தின் பணக்கஷ்டத்தைச் சொல்லும் படம், மிக நேர்மையான படம். இப்போது அந்தச் சுவர்களைப் பார்த்தால் அண்ணனின் விரல்கள்தான் ஞாபகத்துக்கு வருகின்றன.

'தீபன்' படத்தையும் அவரோடுதான் இரண்டாம் முறை பார்த்தேன். ழாக் ஓதியார் இயக்கி, 2015இல் கான் விழாவின் தங்கப் பனை வென்ற படம். பெரும்பாலும் தமிழில் பேசும் ஒரு படத்துக்கு அந்த விருது கிடைத்தது சின்ன விஷயம் இல்லை. தீபனாக நடித்த எழுத்தாளர் ஷோபாசக்தியே பாரிஸுக்கு அகதியாக வந்தவர். ஒருவருக்கொருவர் சம்பந்தமில்லாத ஓர் ஆண், ஒரு பெண், ஒரு சிறுமி, இறந்துபோன ஒரு குடும்பத்தின் பாஸ்போர்ட்டில் குடும்பமாக நடித்து பிரான்சுக்கு வந்து சேர்கிறார்கள். படத்தின் பிற்பகுதி துப்பாக்கிச் சண்டையாக மாறுவது எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கும் பிடிக்கவில்லை. ஆனால் முதல் பாதியில் இருட்டிலிருந்து மினுக் மினுக் என்று விளக்குகள் நெருங்கி வரும். கிட்டே வந்ததும்தான், தலையில் அதை மாட்டிக்கொண்டு தெருவில் பொம்மை விற்கும் தீபன் என்று தெரியும். நம்மவர்களின் வாழ்க்கையை இவ்வளவு உற்றுப் பார்த்த ஒரு ஷாட் எனக்குத் தெரிந்து வேறு இல்லை.

இன்னொரு காட்சி. இங்கத்து ஆட்கள் பேசும் சொற்கள் எல்லாம் புரிந்தாலும் சிரிப்பு வருவதில்லை என்று தீபன் சொல்வான். அவன் மனைவியாக நடிக்கும் யாழினி சொல்வாள், உனக்குத் தமிழிலேயே நகைச்சுவை கிடையாது என்று. அண்ணன் வயிறு குலுங்கச் சிரித்தார். எனக்குக் காபி மெஷின்தான் நினைவுக்கு வந்தது. மூன்று வருடமாக அங்கே நின்று சொற்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன், சிரிப்பு எங்கே ஒளிந்திருக்கிறது என்று தெரியாமல். அந்தப் படத்தைப் பிரெஞ்சு எழுத்தோடு ஐந்தாறு முறை பார்த்தேன். காதில் விழுவது தமிழ், கண்ணில் படுவது பிரெஞ்சு. நம் பேச்சு அவர்கள் மொழியில் எப்படி மாறுகிறது என்பதைப் பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டது வகுப்பில் கற்றதைவிட அதிகம்.

கடைசியாக ஜப்பானிய இயக்குநர் ஓசுவின் 'டோக்கியோ ஸ்டோரி'. 1953இல் வந்தது. ஊரில் இருந்தபோது அதை மதித்தேன், அவ்வளவுதான். எனக்குப் பிடித்த படங்களின் பட்டியலில் பத்துக்குள் வைத்திருந்தேன்.

2019 மே மாதம் அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். மூன்று வாரம். இரண்டாம் வாரம் அலுவலகத்தில் ஒரு வெளியீட்டுத் தேதி நெருங்கியது. லீவு கேட்கத் தயங்கினேன். அவர்கள் வீட்டிலேயே சன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது கஷ்டமாக இருந்ததால், தமிழ் ஆட்கள் போகும் ஒரு சுற்றுலா பஸ்ஸில் சுவிட்சர்லாந்துக்கு மூன்று நாள் அனுப்பிவைத்தேன். நல்லதுதான் செய்கிறோம் என்று மனசார நம்பினேன். பஸ்ஸில் வந்த யாரோ எடுத்து அனுப்பிய போட்டோ ஒன்று வந்தது. ஏரிக்கரை பெஞ்சில் இருவரும் உட்கார்ந்திருக்கிறார்கள், பின்னாலிருந்து எடுத்த படம். நடுவில் அம்மாவின் கைப்பை.

அவர்கள் ஊருக்குத் திரும்பி இரண்டு மாதம் கழித்து ஷாம்போவில் ஓசு படங்கள் போட்டார்கள். வயதான பெற்றோர் பிள்ளைகளைப் பார்க்க டோக்கியோ வருகிறார்கள். டாக்டர் மகனுக்கும், அழகு நிலையம் நடத்தும் மகளுக்கும் நேரமில்லை. அதனால் அடாமி என்ற வெந்நீர் ஊற்று ஊருக்கு அவர்களை அனுப்பிவைக்கிறார்கள். விடுதியில் ராத்திரி முழுக்கச் சத்தம், தூக்கம் இல்லை. காலையில் இருவரும் கடலைப் பார்த்தபடி கல் சுவரில் உட்கார்ந்திருக்கிறார்கள். திரும்பிப் போய்விடலாமா என்கிறார் கிழவர். எழுந்திருக்கும்போது கிழவிக்கு ஒரு கணம் தலை சுற்றுகிறது.

எனக்கு அந்த பெஞ்ச் தெரிந்தது, நடுவில் இருந்த கைப்பையும் தெரிந்தது. அதற்கு மேல் திரையைச் சரியாகப் பார்க்க முடியவில்லை.

இந்தப் படத்தை இன்று முதலிடத்தில் வைத்திருப்பதற்குக் காரணம் ஓசு யாரையும் திட்டுவதில்லை என்பது. போரில் இறந்த மகனின் மனைவி நொரிகோதான் ஒரு நாள் விடுப்பு எடுத்து அவர்களுக்கு ஊரைச் சுற்றிக் காட்டுகிறாள். அம்மா இறந்த பிறகு கடைசி மகள் தன் அண்ணன், அக்காவின் சுயநலத்தைச் சொல்லிக் கோபப்படுகிறாள். பிள்ளைகள் வளர்ந்தால் அவரவர் வாழ்க்கை அவரவருக்கு, நானும் அப்படி ஆகிவிடுவேன் என்கிறாள் நொரிகோ. வாழ்க்கை ஏமாற்றமாகத்தான் இருக்கிறது இல்லையா என்று அந்தக் கடைசி மகள் கேட்க, ஆமாம் என்று நொரிகோ புன்னகையோடு சொல்கிறாள். அந்தப் புன்னகையை விளக்க எனக்குத் தெரியவில்லை.

அன்று ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன். ஊரில் விடிந்திருந்தது. சுவிட்சர்லாந்து எப்படியிருந்தது என்று அப்போதுதான் முதல் முறையாகப் பொறுமையாகக் கேட்டேன். "நல்லாத்தான்ப்பா இருந்தது. பஸ்ல உன் வயசுப் பையன் ஒருத்தன் அவங்கம்மாவக் கூட்டிட்டு வந்திருந்தான். அப்பா அவன்கிட்டதான் பேசிக்கிட்டே வந்தாரு" என்றாள்.

வருகிற ஏப்ரலில் மறுபடி வருகிறார்கள். மூன்று வாரத்துக்கும் லீவு எழுதிக் கொடுத்துவிட்டேன்.