ஓட்டு வீட்டுக்குச் சான்று

"தெருவிலேயே முதல்ல ஓடு போட்ட வீடு" என்று அந்த வீட்டு அம்மா சொன்னதை, மரபு வீடுகளைப் பட்டியலில் சேர்க்க நான் எழுதும் மதிப்பீட்டுத் தாளில் அப்படியே எழுதவில்லை. "முதலில் ஓடு வேய்ந்த வீடு என்பது குடும்ப வழக்கு" என்று எழுதினேன். முறைப்படி அதுதான் சரி. எழுதியதை வாசித்துக் காட்டியபோது அவர் ஒன்றே ஒன்று கேட்டார்: "அப்பம் எங்க பாட்டா சொன்னது பொய்யா சாரே?"

பொய் என்று தாளில் எங்கேயும் இல்லை. 'வழக்கு' என்றால் வாய்மொழியாக வருகிற செய்தி, அவ்வளவுதான் என்று விளக்கினேன். விளக்கம் அவரைத் தொடவே இல்லை. அவர் கேட்டதற்கு அது பதிலும் அல்ல.

அந்த வீட்டில் எல்லோரும் பெரிய ஆதாரமாக நம்பியிருந்தது ஓட்டின் அடிப்பக்கம் பதிந்திருந்த 1865 என்ற எண்ணை. பழைய வீடுகளைப் பட்டியலில் சேர்க்கப் போகிறவர்களுக்கு இது அடிக்கடி வரும் சிக்கல். பாசல் மிஷன் என்ற கிறிஸ்தவ மிஷன் மங்களூரில் ஓட்டுத் தொழிற்சாலை தொடங்கிய ஆண்டு 1865. அதை முத்திரையாகவே ஓட்டில் பதித்தார்கள். ஓடு சுட்ட ஆண்டும் அதுவல்ல, வீடு கட்டிய ஆண்டும் அதுவல்ல. முதல் உலகப் போரை ஒட்டி அந்த ஆலைகள் காமன்வெல்த் டிரஸ்ட் என்ற நிறுவனத்தின் கைக்கு மாறின. ஆகவே மிஷன் பெயர் உள்ள ஓடு அந்த மாற்றத்துக்கு முன்பு வார்த்தது என்று மட்டும் சொல்லலாம். அதிலும் ஒரு பிடிமானக் குறை உண்டு. ஓடு இடம் மாறும் பொருள். இடித்த வீட்டு ஓட்டை விலைக்கு வாங்கி இன்னொரு வீட்டில் ஏற்றுவது நம் ஊரில் இன்றும் நடக்கிறது. நான்கு சரிவிலிருந்தும் சில ஓடுகளைக் கழற்றிப் பார்க்க வேண்டும். இறவாரத்தில் ஒரு ஆலைப் பெயரும் உச்சியில் இன்னொரு ஆலைப் பெயரும் இருந்தால் அது பழுது பார்த்த வரலாறு, கட்டிய வரலாறு அல்ல. இவ்வளவையும் அந்தத் திண்ணையில் வைத்துச் சொன்னபோது, அவர்கள் கையிலிருந்த சான்றை நானே பிடுங்கிக்கொண்டது போல ஆகிவிட்டது. சொல்லாமல் இருக்கவும் முடியாது. அந்த எண்ணை நம்பி எழுதிய தாளை விவரம் தெரிந்த முதல் ஆளே கிழித்துப் போடுவார். அதோடு வீடும் போகும்.

ஓடு சொல்லாததை மரம் சொல்லும். அந்த வீட்டுக் கழுக்கோல்கள், அதாவது கூரையைத் தாங்கும் சாய்ந்த மரங்கள், வைரம் பாய்ந்த பனை. கதவு, நிலை, அறைப்புரை (தானியமும் பொருளும் வைக்கும் மர அறை) மட்டும் அயனி மரம். மங்களூர் ஓட்டுக்கு, கழுக்கோல்களின் குறுக்கே அடிக்கும் ரீப்பரின் இடைவெளி ஒரு அடிக்குச் சற்று மேல் வரும். இப்போதுள்ள ரீப்பர்கள் அந்தக் கணக்கில்தான், உருண்டைக் கம்பி ஆணியால் அடிக்கப்பட்டிருந்தன. ஆனால் அதே கழுக்கோல்களின் மேல்முகத்தில் இன்னொரு வரிசைத் துளைகள் இருந்தன. அவை சதுரத் துளைகள், கொல்லன் உலையில் அடித்த ஆணி போட்டவை. ஒன்றுக்கொன்று நான்கு அங்குலம்கூட இல்லை. ஓலைக் கூரைக்கு இப்படி ஆணி அடிக்க மாட்டார்கள், வரிச்சை நாரால் கட்டுவார்கள். இவ்வளவு நெருக்கமான ரீப்பர் கையால் செய்த சிறிய நாட்டு ஓட்டுக்குத்தான் வேண்டும். சுவர்த்தலையில், உத்திரத்துக்கும் கல்லுக்கும் நடுவே இருந்த மண்ணைக் கிளறியபோது நாட்டு ஓட்டின் சில்லுகளும் கிடைத்தன. ஆக, மங்களூர் ஓட்டுக்கு முன்பே இந்த வீட்டில் ஓடு இருந்திருக்கிறது. இதைத் தாளில் உறுதியாகவே எழுதினேன், அளவோடும் படத்தோடும்.

சுவரும் ஒத்துப் போனது. வெட்டுக்கல் சுவர், சுண்ணாம்புப் பூச்சு, கனம் ஒன்றரை அடி. உள் அறைகளின் அளவு ஆசாரிமாரின் அளவுகோலான கோலில் மிச்சமில்லாமல் விழுந்தது. ஒரு கோல் 24 விரல், நம் பக்கத்தில் பெரும்பாலும் 72 சென்டிமீட்டர். முன்பக்கச் சாய்ப்பு மட்டும் கோலில் விழாமல் அடிக்கணக்கில் விழுந்தது, அதனால் அது பிற்பாடு சேர்த்தது. இந்தச் சோதனைக்கு டேப்பும் பொறுமையும் போதும். ஆனால் பூச்சின் கனத்தைக் கழித்துவிட்டுக் கல்லிலிருந்து கல்லுக்கு அளக்க வேண்டும். பூச்சோடு அளந்தால் கணக்கு உதைக்கும். மூலைவிட்டம் இரண்டையும் எடுக்காமல் எந்த அறையையும் சதுரம் என்று வரையக் கூடாது.

இனி ஆவணம். இது கன்னியாகுமரி மாவட்டம். 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர் மண், கடைசி சில ஆண்டுகள் திருவிதாங்கூர்-கொச்சி. பழைய ஆதாரங்கள் பல மலையாளத்தில், கேரளத்தில் வழங்கும் கொல்லம் ஆண்டில் இருக்கும். ஆவணி முதல் டிசம்பர் முடிய உள்ள தேதிக்கு 824, அதன் பின்னுள்ள மாதங்களுக்கு 825 கூட்ட வேண்டும். அந்த வீட்டின் பாகப்பத்திரம் 1068 மகரம் (தை) என்றிருந்தது. அது 1893-ன் தொடக்கம். அதில் புரையிடம் (வீடு நிற்கும் மனை), தென்னை, பனை, கிணறு எல்லாம் எண்ணிக்கையோடு வருகிறது. வீட்டைப் பற்றி "அதிலுள்ள புரை" என்பதோடு சரி. கூரை ஓலையா ஓடா என்று ஒரு சொல் இல்லை.

இங்கேதான் என் தராசு ஆடத் தொடங்கியது. 'முதல்' என்று எழுத வேண்டுமானால் அந்தத் தெருவின் மற்ற வீடுகள் அந்த ஆண்டில் ஓலை வேய்ந்திருந்தன என்று காட்ட வேண்டும். அதற்குத் தாள் வேண்டும். யாரிடம் இருக்கும் அந்தத் தாள்? நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் வீடுகளுக்கும் நாயர்களின் கூட்டுக்குடும்ப வீடுகளான தறவாடுகளுக்கும் போனால் ஓலைச்சுவடி, வரவுசெலவு, பாகப்பிரிவினை என்று ஒரு பெட்டி நிறைய எடுத்து வைப்பார்கள். 1925-ல் நாயர் சட்டமும் 1926-ல் நாஞ்சில் நாட்டு வெள்ளாளர் சட்டமும் வந்து கூட்டுக்குடும்பச் சொத்து பிரிந்தபோது எந்த அறை யாருக்கு, எந்தக் கதவை அடைப்பது என்பதுவரை எழுதி வைத்த குடும்பங்கள் உண்டு. இரண்டாவதாக ஒரு அடுக்களையும் நடுமுற்றத்தில் ஒரு குறுக்குச் சுவரும் இருந்தால் அந்தக் காலத்துப் பிரிவினையா என்று பத்திரத்தில் சரிபார்த்துவிடலாம். இந்த அம்மாவுடையது போலப் பனையேறிய நாடார் குடும்பத்துக்கு அப்படி ஒரு பெட்டி கிடையாது.

நாடார் குடும்பங்கள் ஒரு நிலைக்கு மேல் உயர்ந்த வீடு கட்டக் கூடாது, குடை பிடிக்கக் கூடாது, செருப்பும் தங்க நகையும் அணியக் கூடாது என்று இருந்த தடைகளை மிஷனரிகள் எழுதி வைத்திருக்கிறார்கள். ஓட்டுக்கும் தடை இருந்தது என்று பல குடும்பங்களில் சொல்வார்கள். 1859-ல் வந்த அரச அறிவிப்பு மேலாடையைப் பற்றியது, கூரையைப் பற்றியதல்ல. அப்படியிருக்க ஒரு வீட்டில் ஓடு ஏறுகிறது என்றால் அது வீட்டுச் செலவுக் கணக்கு மட்டுமல்ல. அந்த அம்மா சொல்ல வந்தது இதைத்தான். நான் இடைவெளி, துளை, கோல் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவர் என் முகத்தைப் பார்த்தபடியே இரண்டாவதாக ஒன்று சொன்னார்: "எங்களுக்கு எழுத்தே தராதவன் கையெழுத்தையா எங்கிட்ட கேக்கிய?"

அதற்கு அன்று பதில் இல்லை. பிறகு எனக்குள் பல பதில் சொல்லிப் பார்த்தேன். சான்று கேட்பது எல்லோருக்கும் ஒரே விதி என்பது ஒரு பதில். ஆனால் விதி ஒன்றாக இருந்தாலும் பெட்டி ஒன்றாக இல்லையே. ஒரு வீட்டுக்குச் சலுகை காட்டினால் அடுத்த தெருவில் நாலு வீடு 'முதல்' என்று வரும், அப்போது உண்மையான முதல் வீடும் கூட்டத்தில் தொலையும் என்பது இன்னொரு பதில். இதை இப்போதும் நம்புகிறேன். ஆனால் தறவாட்டு வீட்டில் "இந்தத் தூண் பத்மநாபபுரத்து ஆசாரி செதுக்கியது" என்று சொன்னால், தூணின் அழகைப் பார்த்தே பாதி நம்பிவிடுகிறோமே, அதற்கு எந்தத் தாளைக் கேட்டோம்? முகப்பில் பூமுக மண்டபமும் கொத்துவேலையும் இருந்தால் கட்டடக்கலை மதிப்பு தானாக ஏறுகிறது. செதுக்கல் செய்யத் தடை இல்லாதவர்கள் வீட்டில்தான் செதுக்கல் இருக்கும்.

தரம் பிரிப்பதிலும் இதே இழுபறி. மத்திய அரசின் மாதிரிக் கட்டட விதிகள் மரபுக் கட்டடங்களை மூன்று தரமாகப் பிரிக்கின்றன: முதல் தரம் நாட்டு அளவில் முக்கியமானது, இரண்டாவது வட்டார அளவில், மூன்றாவது தெருவின் தோற்றத்துக்கு உதவுவது. கான்கிரீட் சாய்ப்பு முன்னால் ஒட்டியிருப்பதால் இந்த வீடு மூன்றாம் தரத்துக்கே தோற்றத்தில் தேறாது என்று கூட இருந்தவர் சொன்னார். நான் இரண்டாம் தரத்துக்கு எழுதினேன். சாய்ப்பு தனிச் சுவரில் நிற்கிறது, பழைய சுவரைக் குடையவில்லை, என்றைக்கு வேண்டுமானாலும் பிரித்து எடுக்கலாம். பழைய கூரைச் சட்டம் முழுசாக இருக்கிறது. பழைய வீட்டில் சிதையாமை என்பது முகப்பில் இல்லை, கூரையின் மரச்சட்டத்தில் இருக்கிறது என்பதே என் கட்சி. அப்படியானால் 'முதல்' என்பதை ஒப்புக்கொள்ளாத நான், அதற்குரிய வரலாற்று மதிப்பை மட்டும் தரத்தில் சேர்த்துவிட்டேனா? இருக்கலாம். சேர்த்ததில் எனக்கு வருத்தம் இல்லை.

வீட்டில் ஆண்பிள்ளைகள் கேட்டது வேறு: பட்டியலில் ஏறினால் விற்க முடியுமா, சுற்றிக் கட்ட முடியுமா? நூறு மீட்டர் தடை, அதற்கு மேல் இருநூறு மீட்டர் கட்டுப்பாடு என்பதெல்லாம் 2010 திருத்தத்தின்படி மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள சின்னங்களுக்கு. உள்ளூர் மரபு வீட்டுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பட்டியலுக்கு முன் கூரை இறங்கிவிடும்.

இறங்கும் நிலையில்தான் இருக்கிறது. இரண்டு பருவமழையும் அடிக்கிற ஊரில் பனங்கழுக்கோலின் கீழ்முனைதான் முதலில் போகும். திருப்புளியால் குத்தினால் வெளித்தோல் உறுதியாகவும் உள்சோறு மாவாகவும் இருக்கும், அதனால் கண்ணால் பார்த்து நம்பக் கூடாது. தட்டினால் பொள்ளல் சத்தம் வரும் இடத்துக்கு மேலே ஒரு அடி தள்ளி நல்ல மரம் தொடங்குகிறது என்று கணக்கு வைக்கலாம். அந்த வீட்டில் மேற்குச் சரிவில் கடைசி மூன்று அடி போயிருந்தது. எல்லாவற்றையும் இறக்கி இரும்புக் குழாயும் ஷீட்டும் போட ஒருவர் விலை சொல்லியிருந்தார். பனையில் ஒட்டுப்போட ஆசாரிமார் தயங்குவார்கள், நார் பிளக்கும் என்று. அதற்கு வழி இருக்கிறது: உளுத்த முனையை அறுத்துவிட்டு, இருபுறமும் துணைக்கட்டை வைத்து நல்ல மரத்துக்குள் இரண்டு அடியாவது ஏற்றி போல்ட் போடுவது. உத்திரத்தின் மேல் சிமெண்ட் பூசாமல் சுண்ணாம்பிலேயே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் ஈரம் உள்ளே தங்கி அடுத்த முனையும் போகும்.

இதை எழுதிக் கொடுத்தபோது கூடவே ஒன்று சேர்த்தேன். எந்தக் கழுக்கோலை மாற்றினாலும், சதுரத் துளை உள்ள பகுதியை விறகுக்கு விடாமல், எந்தச் சரிவு, எத்தனையாவது கழுக்கோல் என்று எழுதி அறைப்புரையில் வைக்க வேண்டும். அந்த ஊர்க் கிறிஸ்தவ சபையின் பழைய கணக்கேட்டில் ஓட்டுக்கோ ஆணிக்கோ யாராவது கொடுத்த காசு ஒரு வரியாக வந்தால், ஒத்துப் பார்க்க அந்தத் துளைகள் வேண்டும். அந்த அம்மா அதை வாங்கி வாசித்துவிட்டு, அவர் பாட்டா பெயரையும் தாளில் சேர்க்கச் சொன்னார். சேர்த்தேன். 'வழக்கு' என்ற சொல்லை மட்டும் மாற்றவில்லை.