ஓலை மீன்கள் நீந்தும் வகுப்பறை

மண்டபம் என்ற ஊரை அடுத்த எங்கள் கடலோரச் சிற்றூரின் அங்கன்வாடியை அலங்கரிக்கத் தொடங்கியபோது, முதலில் தரையில் சம்மணமிட்டு அமர்ந்து, மூன்று வயதுக் குழந்தையின் கண்ணுக்கு அந்த அறை எப்படித் தெரிகிறது என்று பார்த்தேன். அகர வரிசை அட்டைகள் எல்லாம் பெரியவர்களின் தலைக்கு மேலே இருந்தன. அவற்றை 3 அடி உயரத்துக்குள் இறக்கினோம்.

பனை ஓலைக்கு இங்கே பஞ்சமில்லை. குருத்தோலையை இரவே ஈரத்துணியில் சுற்றி வைத்தால் காலையில் ஒடியாமல் வளைகிறது. அப்படிப் பின்னிய மீன்களை, நன்றாக அலசிய பழைய வலைத்துண்டில் கோத்து, சின்னக் கழுத்துகள் சிக்கிவிடாதபடி கூரையை ஒட்டிக் கட்டினோம். காற்று வந்தால் அவை சலசலவென்று திரும்புவதைக் காணக் காண அலுக்காது. சோழிகளையும் சிறு சிப்பிகளையும் மட்டும் வேண்டாமென்று பிடிவாதமாகத் தவிர்த்தேன், வாயில் போட்டு விழுங்கிவிடுவார்கள்.

நீலம் பூசிய சுவரில் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளையும், அவற்றைச் சுற்றிக் கடற்பசுவையும் ஆமையையும் வரைந்தோம். முதல் நாளே ஒரு சிறுமி தீவுகளுக்கு நடுவே விரலை வைத்து, "எங்கப்பா வள்ளம் இங்கிட்டுதான் நிக்கிது" என்றாள். அந்த இடத்தில் ஒரு வள்ளத்தையும் வரைந்து சேர்த்திருக்கிறோம்.