லிமுரு சனிக்கிழமைகள்

29 மே 2025, வியாழன்

நேற்று கென்ய எழுத்தாளர் கூகி வா தியாங்கோ இறந்துவிட்டார். அமெரிக்காவில், 87 வயதில். காலையில் மட்டாட்டு வேனில் டிரைவர் பாட்டை நிறுத்திவிட்டுச் செய்தி வைத்தார். நைரோபியில் மட்டாட்டுக்காரர் பாட்டை நிறுத்துவது லேசில் நடக்கிற காரியம் இல்லை, அதுவே பெரிய மரியாதை.

கல்லூரி நாளில் அவருடைய 'சிலுவையில் தொங்கும் சாத்தான்' தமிழில் படித்தவன் நான். சிறையில் கழிப்பறைத் தாளில் எழுதிய நாவலாம் என்று நண்பர்களிடம் அளந்துவிட்டதோடு சரி, எதற்காக உள்ளே போட்டார்கள் என்று தேடிப் பார்க்கத் தோன்றவில்லை. இங்கே வேலைக்கு வந்த பிறகுதான் தெரிந்தது, ஒரு நாடகத்துக்காக. அதுவும் ஊர்ச்சனங்களே கொட்டகை கட்டி, அவர்களே நடித்த நாடகம்.

நான் கணக்கு எழுதிக் கொடுக்கிற நாடகக் குழுவுக்கு ஜூன் முழுக்க லிமுரு பக்கம்தான் வேலை. ஞாயிற்றுக்கிழமை அந்த நாடகம் நடந்த கமிரீதூவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம் என்று வாட்ஸப்பில் முடிவாகியிருக்கிறது.

1 ஜூன், ஞாயிறு

நைரோபியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டர்தான், ஆனால் குளிர் வேறு ஊர்க் குளிர். இரண்டு பக்கமும் தேயிலை, மேலே பனிமூட்டம்.

கமிரீதூ, 1950களில் மாவ் மாவ் விடுதலைப் போராட்டத்தை ஒடுக்க வெள்ளைக்காரர்கள் சனங்களைக் கூண்டோடு பெயர்த்துக் கொண்டுவந்து குடிவைத்த ஊர். சுதந்திரம் வந்த பிறகும் நிறையப் பேருக்குக் கூலிப் பிழைப்புதான், தேயிலைத் தோட்டத்திலும் செருப்புத் தொழிற்சாலையிலும். 1976இல் இந்த ஊர் அம்மா ஒருவர் கூகி வீட்டுக் கதவைத் தட்டி, இவ்வளவு படித்திருக்கிறீர்களாமே, ஊருக்கும் கொஞ்சம் கொடுத்தால் என்ன என்று கேட்டாராம். பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார் கூகி. அந்த அம்மா அடுத்த ஞாயிறும் வந்தார், அதற்கடுத்த ஞாயிறும் வந்தார், ஒரு மாதம் விடவில்லை. மொத்தக் கதையிலும் எனக்குப் பிடித்த ஆள் இவர்தான். பல்கலைக்கழக இலக்கியத் துறைத் தலைவரை நச்சரித்தே கிராமத்துக்கு இழுத்து வந்தவர்.

முதலில் முதியோருக்கு எழுத்தறிவு வகுப்பு, அப்புறம் நாடகம். கூகியும் கூகி வா மிரீ என்கிற இன்னொருவரும் எழுதிய வரைவை ஊரார் கையில் கொடுத்தார்கள், அவர்கள் அதைப் பிரித்து மேய்ந்துவிட்டார்கள். அந்த வயதுக்காரர் இப்படிப் பேசமாட்டார், இந்தச் சொல் இந்த இடத்தில் வராது என்று பெரியவர்கள் நாடகத்தின் கிகுயு மொழியைத் திருத்தினார்கள். ஒத்திகை திறந்தவெளியில் நடந்ததால் வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கே எல்லாப் பாத்திரங்களின் வசனமும் மனப்பாடம் ஆகிவிட்டது. தீக்குச்சிகளால் மாதிரி செய்து பார்த்து, 2000 பேர் உட்காரக்கூடிய அரங்கத்தைக் கட்டினார்கள். நாடகத்துக்குப் பொய்த் துப்பாக்கி செய்து கொடுத்தவர், போராட்டக் காலத்தில் காட்டிலிருந்தவர்களுக்கு நிஜத் துப்பாக்கி செய்து கொடுத்தவராம்.

நாடகத்தின் பெயர் 'ங்காஹிகா ந்டேண்டா', அதாவது விரும்பும்போது மணப்பேன். ஒன்றரை ஏக்கர் நிலத்தின் பத்திரத்தைச் சுவரில் மாட்டி வைத்திருக்கிற கூலிக்காரர், பணக்கார வீட்டுப் பேச்சைக் கேட்டு சர்ச் கல்யாணம் செய்துகொள்ள நிலத்தை அடமானம் வைத்துப் பறிகொடுக்கிற கதை. 1977 அக்டோபர் 2இல் ஆரம்பித்தது. நவம்பர் 16இல் அனுமதி ரத்து. ஆண்டு முடிவதற்குள் கூகி சிறையில். 1982 மார்ச்சில் மூன்று லாரி போலீஸ் வந்து அரங்கத்தையே தரைமட்டமாக்கினார்கள். அப்புறம் அந்த இடத்தில் தொழிற்பயிற்சிப் பள்ளி வந்தது. இன்று கேட் பூட்டியிருந்தது, கம்பி வழியாகப் பார்த்துவிட்டு டீ குடித்துத் திரும்பினோம்.

7 ஜூன், சனி

ஒத்திகை. பணம் தரும் நிறுவனம் கதையையும் சேர்த்தே அனுப்பியிருக்கிறது. கணவன் போன் ஆப்பில் கடன் வாங்கிப் பந்தயம் கட்டித் தோற்கிறான், மனைவி அழுகிறாள், கடைசியில் ஓர் அதிகாரி வந்து சிக்கனத்தைப் பற்றி அறிவுரை சொல்கிறார். முற்றும். ஆங்கிலத்தில் வந்ததைப் பசங்கள் ஸ்வாஹிலிக்கு மாற்றிப் படித்தபோது அவர்களுக்கே கொட்டாவி.

பட்ஜெட்டில் பேனருக்கும் டீ-ஷர்ட்டுக்கும் ஒதுக்கியது நடிகர்கள் கூலியைவிட அதிகம். வந்தவர்கள் கையெழுத்துப் போட ஒரு படிவம், அதில் 'மனம் மாறியவர்கள் எண்ணிக்கை' என்று ஒரு கட்டம் வேறு. எந்தப் புண்ணியவான் யோசித்தாரோ.

14 ஜூன், சனி

இன்று நடந்ததை வரிசையாக எழுதிவைக்கவேண்டும்.

சந்தைக்குப் பக்கத்துத் திடலில் பறையடித்து ஆளைச் சேர்த்தோம். எங்கள் பெண் ஒருத்தி "பவுக்வா!" என்று குரல் கொடுத்தாள். கூட்டம் மொத்தமும் "பகாவா!" என்றது. கதை ஆரம்பிக்கிறது, கேட்கத் தயாரா என்கிற மாதிரி. சின்னப்பிள்ளையில் பாட்டி மடியில் கேட்டிருப்பார்கள், வாய் தானாகத் திறக்கிறது.

இங்கே இதை மேக்னட் தியேட்டர் என்கிறார்கள். ஒரே இடத்தில் ஒரே நேரத்தில் வாராவாரம் ஆடவேண்டும், அதே சனம் திரும்பி வரவேண்டும், கதையைச் சிக்கலில் நிறுத்திவிட்டு இப்போது என்ன செய்யலாம் என்று கூட்டத்தைக் கேட்கவேண்டும், பதில் சொல்பவர் உள்ளே வந்து நடித்துக் காட்டவேண்டும். மனைவி அழுகிற இடத்தில் நிறுத்தினோம். பந்தயம் கட்டக்கூடாது என்று பதில் வரும், அதிகாரி நுழைவார் என்பது திட்டம்.

முட்டைக்கோஸ் விற்கிற அம்மா எழுந்தார். என் போனிலும் மூன்று கடன் இருக்கிறது, ஒரு ஷில்லிங்கூடப் பந்தயம் கட்டியதில்லை, ஜனவரியில் பள்ளிக்கட்டணம், அப்புறம் மாமியாருக்கு ஆஸ்பத்திரி, இவள் எதற்கு அழுதுகொண்டு நிற்கிறாள் என்றார். வட்டத்துக்குள் வந்து மனைவியாக நடித்த பெண்ணை ஓரமாக நிறுத்தினார். கணவன் கையிலிருந்து போனைப் பிடுங்கி, எடுத்தது எவ்வளவு, கையில் வந்தது எவ்வளவு, திருப்பிக் கட்டுவது எவ்வளவு என்று சத்தமாக ஒவ்வொன்றாகக் கேட்டார். எங்கள் பையன் முழித்தான், அவனுக்கு எழுதிக் கொடுத்த வசனத்தில் அந்தக் கணக்கு இல்லை. கூட்டத்திலிருந்து போடா போடா என்கிற பைக் டாக்ஸி ஓட்டுகிற ஒருவர் தன் கணக்கைச் சொன்னார், இன்னொருவர் அதைவிட மோசமாக ஒன்று சொன்னார், சிரிப்பும் வசவுமாகக் கால் மணி நேரம் போனது.

அப்புறம் ஒரு ஷோஷோ, இங்கே பாட்டியை அப்படித்தான் கூப்பிடுவார்கள், கிகுயுவில் பேசினார், பக்கத்துப் பையன் என் காதில் மொழிபெயர்த்தான். போன் எதற்குப் பணம் என்று கேட்பதில்லை, எங்கள் சாமாவில் கேட்போம், அதனால்தான் நீங்கள் எல்லாம் போனுக்குப் போகிறீர்கள். சாமா என்பது கிட்டத்தட்ட நம்ம ஊர்ச் சீட்டு, வாராவாரம் எல்லாரும் போட்டு முறைவைத்து ஒருவர் எடுப்பது, ஏலம் கிடையாது. கடைசியில் அதே ஷோஷோ அதிகாரி வேடக்காரனைப் பார்த்து, நீ யாரப்பா, உனக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். கோட்டு போட்டுக்கொண்டு ஒரு மணி நேரமாகக் காத்திருந்தவன் அவன். வீட்டுக்குப் போகும்வரை பேசவில்லை.

15 ஜூன், ஞாயிறு

குழுவில் நாடகம் படித்த பெண் ஒருத்தி இருக்கிறாள். நேற்று நடந்ததைச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் போட்ஸ்வானா கதையைச் சொன்னாள். 1974இல் அங்கே வடக்குக் கிராமங்களில் 'லயேட்சா பதனானி' என்று ஓர் இயக்கம், பொழுது விடிந்துவிட்டது, சேர்ந்து வேலை பார்ப்போம் வாருங்கள் என்கிற மாதிரிப் பொருள். பாட்டு, பொம்மலாட்டம், நாடகம், அப்புறம் கூட்டத்தோடு பேச்சு. ஆப்பிரிக்கா முழுக்க இந்த மாதிரி வேலைக்கு அதுதான் முன்மாதிரி. ஆனால் எந்தப் பிரச்சினையைப் பேசுவது என்று மேலே இருந்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள், நாடகம் அரசாங்க அறிவிப்பு மாதிரி ஆகிவிட்டது என்று அதை நடத்தியவர்களே பிற்பாடு விமர்சித்தார்களாம்.

எங்கள் கோட்டுக்காரன் நினைவுக்கு வந்தான்.

எதிர்க் கேள்வியும் வந்தது. நிஜமாகவே ஊர் பேச ஆரம்பித்தால் என்ன ஆகும்? கமிரீதூவுக்கு ஆனது தெரியும். 1977 பழங்கதை என்றும் தள்ளமுடியாது, இந்த ஏப்ரலில்தான் நகுருவில் பள்ளி நாடக விழாவில் புட்டேரே பெண்கள் பள்ளி மாணவிகளின் நாடகத்தை நடத்தவிடாமல் தடுத்தார்கள், நீதிமன்றம் அனுமதித்த பிறகும் கண்ணீர்ப்புகை. பிள்ளைகள் தேசிய கீதம் பாடிவிட்டு மேடையை விட்டு இறங்கிவிட்டார்கள். போன் கடனைப் பற்றிப் பேசினால் லாரியில் போலீஸ் வராது. அதிகம் போனால் அடுத்த தவணைப் பணம் வராது.

21 ஜூன், சனி

அதிகாரி வேடத்தை எடுத்துவிட்டோம். கோட்டுக்காரனுக்குத்தான் ஏக சந்தோஷம், பறையடிக்கிறான்.

முட்டைக்கோஸ் அம்மா ஒரு காட்சியைத் தயார் செய்துகொண்டே வந்திருந்தார், கூட ஷோஷோவின் சாமாப் பெண்கள் 5 பேர். சாமாவின் பெருமையைப் பாடப்போகிறார்கள் என்று நினைத்தேன். அவர்கள் நடித்தது, பொருளாளர் பணத்தோடு ஊரைவிட்டு ஓடிய கதை. அவர்கள் சாமாவில் நடந்ததுதான். யார் என்று சொல்லவில்லை, நடந்து காட்டிய தினுசிலேயே சந்தைக்கு மொத்தமும் புரிந்து கூச்சல் எழுந்தது. பிறகு நிஜமான வாக்குவாதம். பெட்டிக்கு மூன்று பூட்டு, மூன்று பேரிடம் சாவி, கூட்டத்தில்தான் திறப்பது, அவசரத்துக்குக் கேட்பவர்களுக்குத் தனியாக ஒரு டப்பா. ஷோஷோவுக்கு மூன்று பூட்டில் உடன்பாடில்லை, நம்பிக்கை இல்லாவிட்டால் எதற்கு சாமா என்கிறார். முடிவாகவில்லை, வருகிற சனிக்கிழமை தொடரும்.

படிவத்தில் 'மனம் மாறியவர்கள்' கட்டத்தை வெறுமனே விட்டேன்.

கிளம்பும்போது முட்டைக்கோஸ் அம்மா என்னிடம் வந்து, இரண்டு வாரமாகக் கடையை விட்டுவிட்டு நடித்திருக்கிறேன், கணக்குப்பிள்ளை நீதானே, 600 ஷில்லிங் கொடு என்றார். கேட்டது நியாயம்தான், கொடுத்தேன். பார்வையாளருக்குக் கூலி என்று பட்ஜெட்டில் தலைப்பே இல்லை. பேனரை ஒன்று குறைத்து, நடிகர் கூலியில் ஓர் ஆளைக் கூட்டி எழுதியிருக்கிறேன். திங்கட்கிழமை நிச்சயம் போன் வரும்.