ஒரே ஓர் எழுத்து

விண்டோஸா லினக்ஸா என்று நண்பனோடு ராத்திரி முழுக்க வாய்ச்சண்டை. கடைசியில் வீம்புக்கு, "உன் கணினியிலும் லினக்ஸ் போட்டுத் தர்றேன், அப்புறம் பேசு" என்று சொல்லி, என் லேப்டாப்பில் பென்டிரைவைச் செருகி, லினக்ஸ் நிறுவும் கோப்பை அதில் எழுத டிடி (dd) கட்டளையைத் தட்டினேன். பென்டிரைவின் பெயரான எஸ்டிபி (sdb) என்று அடிக்க வேண்டிய இடத்தில் எஸ்டிஏ (sda). அது என் சொந்த ஹார்ட் டிஸ்க்!

டிடி "நிச்சயமா?" என்றெல்லாம் கேட்காது. சொன்ன இடத்தில் எழுதிவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். பென்டிரைவின் விளக்கு மினுங்கவே இல்லையே என்று எனக்கு உறைத்தபோது, டிஸ்க்கின் முதல் சில ஜிபி காலி.

"கேஸ் போடேன்டா" என்றான் அவன். யார் மேல்? டிடி வருகிற குனூ மென்பொருள் தொகுப்புக்கு ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பு, 2007இல் வந்தது. அதன் 15, 16ஆம் பிரிவுகளைப் படித்துக் காட்டினேன்: உத்தரவாதம் கிடையாது, தரவு அழிந்தாலும், சட்டம் கட்டாயப்படுத்தினால் ஒழிய, எழுதியவர்கள் பொறுப்பில்லை. விழுந்து விழுந்து சிரித்தான். சரி, உன் விண்டோஸ் உரிமத்தைத் திற என்றேன். "சம்மதம்" பொத்தானை அமுக்கியதோடு சரி, ஒரு வரி படித்ததில்லை அவன். அதிலும் இழப்பீட்டுக்கு வரம்பு கட்டித்தான் வைத்திருக்கிறார்கள். சிரிப்பு நின்றது.

அழிந்த கோப்புகளைத் தேடி எடுக்கும் ஃபோட்டோரெக் மென்பொருள் கொஞ்சம் படங்களை மீட்டுக் கொடுத்தது. கோப்புப் பெயர்கள் மட்டும் இல்லை, எல்லாம் எண்கள். இரண்டு நாளாக ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.