எட்டு நடை

பிப்ரவரி 12, 2024

அப்பாவுக்கு எண்டோஸ்கோப்பியில் கிள்ளி எடுத்த சதையின் ரிசல்ட் போன வாரமே வந்துவிட்டது. இரைப்பையின் கீழ்ப்பகுதியில் புற்றுநோய். இன்று லேப்ராஸ்கோப்பி வைத்து வயிற்றுக்குள் வேறெங்கும் சிதறியிருக்கிறதா என்று பார்த்தார்கள், நல்லவேளை இல்லை. அப்படியானால் இந்த வாரமே ஆபரேஷன் என்று நான் நினைத்திருக்க, முதலில் நான்கு கீமோ, பிறகு ஆபரேஷன், அப்புறம் மறுபடி நான்கு கீமோ என்கிறார் டாக்டர். அத்தைக்குப் பொறுக்கவில்லை. "கட்டிய உள்ளயே வச்சுக்கிட்டு ரெண்டு மாசம் மருந்து ஏத்துவாங்களாமா? அறுத்துத் தூக்கிப் போட வேண்டியதுதானே?" எனக்கும் அதே எண்ணம்தான். அப்பா முப்பது வருஷம் பஸ் கண்டக்டர், அவர் கேட்டது ஒன்றுதான். "ஆக மொத்தம் எட்டு நடை, நடுவுல டிப்போ வேலை. சரியா சார்?"

பிப்ரவரி 20

முதல் நடை. டாக்டர் இன்று உட்கார வைத்துப் பேசினார். கட்டி இரைப்பைச் சுவரின் தசை வரை இறங்கிவிட்டால், ஸ்கேனிலும் தெரியாத பொடிப்பொடியான செல்கள் ஏற்கெனவே கிளம்பிப் போயிருக்க வாய்ப்பு அதிகமாம். கத்தி எட்டாத அந்த இடத்துக்கு மருந்துதான் போக வேண்டும். 2006இல் பிரிட்டனில் வெளிவந்த ஓர் ஆய்வில், ஆபரேஷன் மட்டும் செய்துகொண்டவர்களில் ஐந்து வருஷம் கழித்து உயிரோடிருந்தவர்கள் நூற்றுக்கு 23 பேர், முன்னும் பின்னும் கீமோ எடுத்தவர்களில் 36 பேர். அப்பாவுக்கு ஏற்றுவது அதைவிடப் புதிய சேர்க்கை, பெயர் ஃப்ளாட்: டோசிடாக்ஸெல், ஆக்ஸாலிபிளாட்டின், லியூகோவோரின், 5-எஃப்யூ. ஜெர்மனியில் 716 பேரிடம் சோதித்து 2019இல் வெளியிட்டார்கள். பழைய மருந்தில் பாதிப்பேர் 35 மாதம் தாண்டினார்கள் என்றால், இதில் 50 மாதம். இதைக் கேட்ட பிறகு அத்தையிடம் பேச எனக்குத் தெம்பு வந்தது.

மார்ச் 7

இரண்டாவது முடிந்து வீட்டுக்கு வந்தோம். 5-எஃப்யூ மட்டும் 24 மணி நேரம் இறங்க வேண்டும், அதை ஒரு சின்ன பம்பில் போட்டுத் துணிப்பையில் மாட்டி அனுப்புகிறார்கள், டிக்கெட் பை மாதிரியே தோளில் போட்டுக்கொண்டு தூங்கினார். காலையில் பானைத் தண்ணீர் இருந்த எவர்சில்வர் டம்ளரைத் தொட்டதும் ஷாக் அடித்த மாதிரி கையை உதறினார், டம்ளர் உருண்டு ஓடியது. ஆக்ஸாலிபிளாட்டின் செய்கிற வேலை. குளிர்ச்சி பட்டால் விரலும் தொண்டையும் சுரீர் என்கும், சில நாளில் தணியும். இப்போது எல்லாமே வெதுவெதுப்பு, ஃப்ரிட்ஜை நான்தான் திறக்கிறேன்.

ஏப்ரல் 4

வெள்ளையணு குறைந்து மூன்றாவது ஒரு வாரம் தள்ளிப்போனது, ஊசி போட்டு ஏற்றினார்கள். காய்ச்சல் 100.4ஐத் தொட்டால் நடுராத்திரி ஆனாலும் கிளம்பி வந்துவிட வேண்டும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார்கள், தெர்மாமீட்டர் தலையணைக்கடியில். சொந்தக்காரர் ஒருவர் ஏதோ சூரணம் கொண்டுவந்து கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார், ஆனால் டாக்டரைக் கேட்காமல் ஒரு சிட்டிகைகூட உள்ளே போகக் கூடாது என்று வாங்கி அலமாரியில் வைத்துவிட்டேன்.

மே 24

ஆபரேஷன் முடிந்து ஒன்பதாவது நாள், வீடு வந்தாயிற்று. இரைப்பையில் முக்கால் பங்கை எடுத்து மீதியைக் குடலோடு தைத்திருக்கிறார்கள், சுற்றியிருந்த நிணநீர்க் கணுக்களையும் சேர்த்து. 27 கணுக்களில் இரண்டில் மட்டும் நோய். கட்டியிலும் பெரும்பகுதி செத்த செல் என்று ரிப்போர்ட் சொல்கிறது. அந்த நான்கு நடையும் வீண்போகவில்லை! அத்தைக்கு அந்த வரியை இரண்டு தடவை படித்துக் காட்டினேன்.

ஜூன் 16

சாப்பாடுதான் இப்போது முழுநேர வேலை. அரை இட்லி, ஒரு முட்டை, இரண்டு மணி நேரம் கழித்துக் கொஞ்சம் குழைந்த சாதம், இப்படி ஒரு நாளைக்கு ஆறேழு தடவை. நேற்று ஆசைப்பட்டு அரை டம்ளர் பாயசம் குடித்தார், கால் மணி நேரத்தில் வியர்த்து ஊற்றி நெஞ்சு படபடவென்று அடித்து அப்படியே படுத்துவிட்டார். இனிப்பு சட்டென்று குடலுக்குள் இறங்கினால் அப்படி ஆகுமாம். எட்டு கிலோ குறைந்திருக்கிறார். முதலிலேயே ஏன் மருந்து ஏற்றினார்கள் என்பது இப்போதுதான் முழுசாகப் புரிகிறது. அந்த ஜெர்மனி ஆய்விலேயே எட்டையும் முடித்தவர்கள் பாதிக்கும் கொஞ்சம் குறைவுதான். இந்த உடம்பை வைத்துக்கொண்டு எட்டையும் இனிமேல்தான் தொடங்க வேண்டும் என்றால் அப்பாவால் எத்தனை முடிந்திருக்கும்?

ஆகஸ்ட் 11

ஐந்தும் ஆறும் முடிந்தன. குளிர் படாமலேயே விரல் நுனி மரத்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் டாக்டர் "சட்டைப் பட்டன் போட முடியுதா ஐயா?" என்று கேட்பார், அப்பா முடிகிறது என்பார், பட்டன் போட்டுவிடுவது அம்மா. இன்று அலமாரியிலிருந்து பழைய தோல் பையை எடுத்து, உள்ளே சில்லறையைப் போட்டு, பார்க்காமல் துழாவிக்கொண்டிருந்தார். ஒரு ரூபாய்க்கும் இரண்டு ரூபாய்க்கும் வித்தியாசம் தெரியவில்லை. "இதச் சொல்லிடு டாக்டர்கிட்ட" என்றார். உடனே போன் போட்டேன். அடுத்த இரண்டு நடைக்கு ஆக்ஸாலிபிளாட்டினை நிறுத்திவிட்டு மற்ற மருந்துகளைத் தொடரலாம், மரத்தது மெதுவாகக் குறையும், மாதக்கணக்கில் ஆகும் என்றார். ஏழாவது 14ஆம் தேதி.