23 காப்பி போதுமாம்

அமெரிக்கால எழுதி அமெரிக்கால அச்சடிச்ச புத்தகம், இங்கிலாந்துல வெளியிடவே இல்ல, ஆன்லைன்ல ஆர்டர் பண்ணி 23 காப்பி அங்க போயிருக்கு, அவ்ளோதான். அந்த 23 காப்பிய வச்சே ஒரு சவுதி தொழிலதிபர் லண்டன்ல அவதூறு கேஸ் போட்டு 2005ல ஜெயிச்சுட்டாரு. எழுதின ரேச்சல் எரன்ஃபெல்ட், அந்த கோர்ட்டுக்கு என் மேல என்ன அதிகாரம்னு சொல்லி, அங்க வாதாடவே போகல. அவங்க விடாம நின்னதாலதான் 2008ல நியூயார்க்லயும் 2010ல அமெரிக்கா முழுக்கவும் சட்டம் வந்துச்சு, பேச்சுரிமைக்கு எங்க அளவுக்கு பாதுகாப்பு இல்லாத ஊர்ல குடுத்த அவதூறு தீர்ப்ப இங்க அமல்படுத்த மாட்டோம்னு.

அதே தொழிலதிபர் தரப்பு வேற ஒரு புத்தகத்த பத்தி குடுத்த புகாருக்கு, அத வெளியிட்ட கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் 2007ல பணிஞ்சு போச்சு. விக்காம இருந்த காப்பிய எல்லாம் அழிச்சதோட விடல, லைப்ரரிகளுக்கும் லெட்டர் போட்டாங்க, ஷெல்ஃப்ல இருந்து எடுத்துடுங்கன்னு. அமெரிக்க நூலக சங்கம் எடுக்கத் தேவையில்ல, வாசகர்களுக்கு குடுங்கன்னு சொல்லிடுச்சு. லைப்ரரி வாங்கின காப்பி லைப்ரரியோடது. காகிதமா இருந்ததால தப்பிச்சுது, எனக்கு இது ரொம்ப முக்கியமா படுது.

ஏன்னா பத்து வருஷம் கழிச்சு, 2017 ஆகஸ்ட்ல, அதே பிரஸ் சீனா கேட்டுச்சுன்னு சைனா குவார்ட்டர்லி ஆய்விதழ்ல 315 கட்டுரையும் புத்தக விமர்சனமும் அந்த நாட்டுக்குள்ள தெரியாம மறச்சுட்டாங்க. தியானன்மென், திபெத், கலாச்சாரப் புரட்சின்னு சீன அரசாங்கத்துக்கு பிடிக்காத விஷயம் எல்லாம் அதுல. இங்க எந்த லைப்ரரியனும் மறுக்க முடியாது, சர்வர்ல ஒரு மாத்தம் பண்ணா முடிஞ்சுது. ஆய்வாளர்கள் கொதிச்சு எழுந்து புறக்கணிப்போம்னு சொன்னதும், ஆகஸ்ட் 21ம் தேதி எல்லாத்தையும் திரும்பப் போட்டாங்க, அதுக்கு அவங்கள பாராட்டத்தான் வேணும்.

நான் சொல்றது இதுதான். ஒரு அரசாங்கம் தடுக்கணும்னா அதுவே தடுத்துக்கட்டும், பதிப்பாளர் தன் கையால அத செய்யக் கூடாது. அரசாங்கம் தடுத்தா, தடுத்திருக்காங்கன்னு வாசகனுக்கு தெரிய வழி இருக்கு. பதிப்பாளரே எடுத்துட்டா? பெய்ஜிங்ல ஒரு மாணவி ஆய்வுக்காக தேடுறா, ரிசல்ட் பக்கம் ஒழுங்காத்தான் வருது, நூறு கட்டுரை காட்டுது, இல்லாதது இல்லாததாவே தெரியாது, இத பத்தி யாரும் எழுதலன்னு நெனச்சுட்டு அடுத்த வேலைய பாக்கப் போயிடுவா.

அதே 2017ல ஸ்பிரிங்கர் நேச்சர்ங்கிற இன்னொரு ஆய்விதழ் பதிப்பகமும் சீனாவுல கட்டுரைகள மறச்சுது, மொத்தத்துல ஒரு சதவீதத்துக்கும் கம்மிதான்னு சமாதானம் சொன்னாங்க. தைவான், திபெத் எல்லாம் அந்த ஒரு சதவீதத்துக்குள்ளதான் இருந்துச்சு.